காரைக்குடியில் சி.வி. ஜாயிண்ட் வேலை: ஷாஃப்ட் கழுவத் தனியாக 400 ரூபாய் வாங்குகிறார், கொடுக்கலாம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறைக்குப் போர்டு கிடையாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற பக்கம், ஒரு லேத் பட்டறையை ஒட்டின தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், மரத்தடியில் டயர் இல்லாத அம்பாசடர் ஒன்று. பேரையும் போன் நம்பரையும் நெட்டில் போடவேண்டாம் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார், இருக்கிற வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லையாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த அடையாளமே போதும். மற்றவர்கள், உங்கள் ஊர் மெக்கானிக் ஜாயிண்ட் மாற்றும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்கவேண்டும் என்பதற்காக இதைப் படிக்கலாம்.

வண்டி 2012 மாடல் வேகன் ஆர், ஓடியது 1,10,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. போன வருஷம் ஆனி மாதம் இடது முன் சக்கரத்தில் சத்தம் ஆரம்பித்தது. நேராகப் போனால் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் மட்டும் டக் டக் டக் என்று, சக்கரத்துக்குள் பல்லி உட்கார்ந்து கத்துகிற மாதிரி. கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்கே வீடுகள் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும், வண்டி நிறுத்த இடம் தேடித் திருப்பத்துக்குத் திருப்பம் ஒடித்ததில் பின் சீட்டில் இருந்த அப்பத்தாவுக்கே கேட்டுவிட்டது. "என்னப்பு, வண்டி பல்லக் கடிக்குது" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

தெரியாதவர்களுக்காக: முன் சக்கரம் இழுக்கிற கார்களில் கியர் பாக்ஸிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் தடித்த கம்பி மாதிரி ஒன்று போகும், அதுதான் டிரைவ் ஷாஃப்ட், இங்கே எல்லாரும் ஆக்ஸில் என்றே சொல்கிறார்கள். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட், இவைதான் சி.வி. ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் இருப்பதில் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்துவைக்க ஒரு கூடு, குண்டு ஓடுவதற்குப் பள்ளங்கள். சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சுற்று வேகம் ஏறி இறங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஆல்ஃபிரட் ரெசெப்பா என்கிற இன்ஜினியர் 1920களில் காப்புரிமை வாங்கின வடிவம், அடிப்படை இன்னும் அதேதான். கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது மூன்று உருளை வைத்தது, சக்கரம் மேலே கீழே ஆடும்போது அது உள்ளே வெளியே நகர்ந்து கொடுக்கும். இரண்டுக்கும் மேலே மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட், உள்ளே கறுப்பு கிரீஸ். திரும்பும்போது டக் டக் என்றால் வெளி ஜாயிண்ட், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி நடுங்கினால் பெரும்பாலும் உள் ஜாயிண்ட்.

பூட் கிழிந்தால் நம் ஊரில் ஜாயிண்ட் சீக்கிரம் போவதற்குக் காரணம் செம்மண். கல்லல் பக்கமோ பள்ளத்தூர் பக்கமோ தார் விட்டு இறங்கினால் காருக்கு அடியில் எல்லாம் சிவப்புதான். அந்தப் பொடி கிரீஸோடு கலந்தால் வால்வு உரசுகிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடும், சக்கரம் சுற்றச் சுற்றக் குண்டையும் பள்ளத்தையும் அதுவே அரைக்கும்.

சரி, முதலில் ஏமாந்த கதை. அவசரத்துக்கு வேறு ஒரு இடத்தில் விட்டேன், பெயர் வேண்டாம், இந்த ஊரில்கூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, மொத்தம் 2,600 ரூபாய். இவ்வளவு சீக்கிரமா என்று அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டேன். பையன் ஷாஃப்ட்டை வண்டியிலிருந்து முழுசாகக் கழற்றவே இல்லை, சக்கரத்துப் பக்கம் மட்டும் இழுத்து, பழைய ஜாயிண்ட்டைத் தட்டி எடுத்து, ஒரு துணியால் இரண்டு இழுப்பு இழுத்து, பாட்டிலில் இருந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, புதுசை அடித்து ஏற்றிவிட்டான். பெட்ரோல் ஊற்றும்போது பக்கத்தில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நாலு மாதம். ஐப்பசி மழை முடிவதற்குள் அதே சத்தம், அதே பக்கம். போய்க் கேட்டால் பார்ட் சரியில்லை, கம்பெனிக்காரனைத்தான் கேட்கவேண்டும் என்றார்கள். நானும் நம்பினேன். நல்ல பிராண்டாக வாங்கிக்கொண்டு போய் வேறு எங்கேயாவது மாட்டலாம் என்று விசாரித்தபோதுதான் டாக்ஸி ஓட்டுகிற நண்பர் இந்தப் பெரியவரைச் சொன்னார், "நாள் எடுப்பாரு, கத்துவாரு, ஆனா திரும்பப் போகவேண்டியிருக்காது" என்று.

வயது அறுபதுக்கு மேலே இருக்கும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். ஜாயிண்ட்டைத் தொடவே இல்லை. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்ததைக் காட்டினார், பிறகு பூட்டின் சின்ன வாய் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற இடத்தை விரலால் தடவி என்னிடம் நீட்டினார். ஈரம்.

"ஜாயிண்ட் மேல தப்பில்ல தம்பி. உக்கார வச்ச இடம் சரியில்ல."

ரேட்டையும் அப்போதே சொன்னார். கூலி 1,000, ஷாஃப்ட் கழுவ 400. கழுவுவதற்குத் தனியாகவா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கழுவுறதுதான் வேலை, மாட்டுறதுக்குத்தான் நான் சும்மா வாங்குறேன் என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பாட்டு. வேண்டாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார். வாடிக்கையாளர் சேவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மறுநாள் காலையில் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். கியர் ஆயிலை வடித்துவிட்டு ஷாஃப்ட்டை முழுசாக வெளியே எடுத்தார். எடுக்கும்போது ஒரு முனை தொங்காமல் பையன் தாங்கிப் பிடித்துக்கொண்டான், தொங்கவிட்டால் உள் ஜாயிண்ட்டில் இருக்கிற உருளை கழன்று வந்துவிடும், பூட்டும் இழுபடும். பூட்டை அறுத்துத் திறந்தபோது உள்ளே இருந்தது கிரீஸ் என்றே சொல்லமுடியாது, காய்ச்சின வெல்லப்பாகு நிறத்தில் தண்ணீர் கலந்த ஒரு குழம்பு. நாலு மாதத்துக்கு முன்னால் போட்டது.

அப்புறம் காரணத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். பூட்டின் சின்ன வாய் உட்கார ஷாஃப்ட்டில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் பழைய துரு ஏறி, அதன் மேலே காய்ந்த கிரீஸும் மண்ணும் சேர்ந்து தகடு மாதிரி ஒட்டியிருந்தது. முன்னால் வேலை பார்த்தவர்கள் புது பூட்டை அந்தத் தகட்டின் மேலேயே ஏற்றிக் கிளாம்ப் போட்டிருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும், ஆனால் ரப்பர் இரும்பைத் தொடவில்லை, துருவைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே, கிரீஸ் வெளியே. இரண்டாவது, ஷாஃப்ட் முனையில் இருக்கிற பல்லுக்கு இடையில் பழைய செம்மண் கிரீஸ் அப்படியே இருந்தது, ஜாயிண்ட்டை அடித்து ஏற்றும்போது அதுதான் முதலில் புது ஜாயிண்ட்டுக்குள் போயிருக்கிறது. மூன்றாவது லாக், அதாவது ஜாயிண்ட் கழன்று வராமல் பிடிக்கிற கம்பி வளையம், பழசையே போட்டிருந்தார்கள். பார்ட் சரியில்லை என்று சொன்ன வாய் ஞாபகம் வந்தது.

கழுவுகிற முறைதான் எனக்குப் புதுசு. எடுத்தவுடன் டீசலில் முக்கிவிடுவார் என்று நினைத்தேன், இல்லை. முதலில் மூங்கில் சிம்பு ஒன்றால் பழைய கிரீஸை வழித்து ஒரு தகரத்தில் போட்டார், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொஞ்சம் வைத்துத் தேய்த்து வெயிலில் பார்த்தார். வெள்ளிப் பொடி மாதிரி மின்னினால் குண்டும் பள்ளமும் தேய்ந்திருக்கிறது, வெறும் மண் என்றால் நறநறவென்று மட்டும் இருக்கும். கழுவிவிட்டால் இந்தச் செய்தியும் டீசலோடு போய்விடும். என்னுடையதில் வெளி ஜாயிண்ட் கிரீஸ் மின்னியது, உள் ஜாயிண்ட்டில் ஒன்றும் இல்லை, அதனால் உள் ஜாயிண்ட்டை மாற்றவேண்டாம், கழுவி பூட் மட்டும் மாற்றினால் போதும் என்று அவரே சொன்னார். அதையும் மாற்றச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அந்த நேர்மைக்கே பாதி ஸ்டார் கூடப் போடலாம்.

வழித்த பிறகு பனியன் வேஸ்ட்டால் துடைப்பு. அதற்குப் பிறகுதான் டீசல், மூன்று தட்டு. முதல் தட்டில் பிரஷ் போட்டு முரட்டுக் கழுவல், இரண்டாவதில் பல்லுக்குப் பல் பழைய டூத் பிரஷ், மூன்றாவது தட்டில் அடியில் மண் படியவில்லை என்றால்தான் வெளியே எடுப்பார். என் ஷாஃப்ட் மூன்றாவது தட்டிலும் மண் விட்டது, மறுபடி இரண்டாவதுக்குப் போனது. லாக் உட்காருகிற சின்ன வரிப்பள்ளத்தைக் கோணி ஊசியால் சுற்றி வழித்தார், அதிலிருந்து அவ்வளவு அழுக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

துருவுக்குக் கையால் கம்பி பிரஷ். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டி இரண்டு நிமிஷத்தில் முடிக்கலாமே என்று கேட்டேன். ஷாஃப்ட்டின் நடுவுக்கு அது சரி, பல்லிலும் பூட் உட்காருகிற பள்ளத்திலும் மெஷின் வைத்தால் விளிம்பு போய்விடும் என்றார். பள்ளத்துக்கு நைஸ் உப்புத்தாளை நாடா மாதிரி கிழித்துச் சுற்றிப்போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தார். நகத்தை ஓட்டினால் எங்கேயும் தட்டக்கூடாது, அதுதான் அவருக்கு அளவு. ஆனால் கியர் பாக்ஸ் பக்கம் ஆயில் சீல் உரசுகிற இடத்தில் உப்புத்தாள் எடுத்துக்கொண்டு வந்த பையனுக்கு ஒரு அதட்டல் விழுந்தது. அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும், அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் சீல் உதட்டை அது அறுத்து ஆயில் கசியும், துணியும் விரலும் மட்டும்தான் என்றார். நான் வீட்டில் செய்திருந்தால் அதையும் சேர்த்துப் பளபளவென்று தேய்த்திருப்பேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். இந்தப் பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சிக்ரி இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று இத்தனை வருஷமாக ஆராய்கிறவர்கள் இருக்கிற ஊரில் என் வண்டிக்கு ஜாயிண்ட் போனது அரை மில்லிமீட்டர் துருவால். யாரைச் சொல்ல!

டீசலோடு நிறுத்தாததுதான் முக்கியம். டீசல் அழுக்கை எடுக்கும், ஆனால் தானும் ஒரு எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே கிரீஸ் வைத்தால் கிரீஸ் இளகும், கிளாம்ப் போட்ட பூட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றும். அதனால் துடைத்துவிட்டு பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்தார், அது ஆவியாகிப் போய்விடும், படலம் நிற்காது. பிறகு கம்பிரசர் காற்று. காற்று அடிப்பதற்கு முன்னால் கம்பிரசர் டாங்கின் அடி வால்வைத் திறந்துவிட்டார், அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. மழைக்காலத்தில் காற்றோடு அந்தத் தண்ணீரையும் சேர்த்து அடித்துவிட்டு, கழுவினேன், அப்படியும் துருப்பிடித்தது என்பார்கள் என்று ஒரு சிரிப்பு. அன்று முழுக்க அவர் சிரித்தது அப்போதுதான்.

ஷாஃப்ட் சுத்தமான பிறகுதான் கெட்டதா நல்லதா என்று தெரியும் என்கிறார், அதுவும் நியாயம்தான். பல்லெல்லாம் நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டு சாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்து லேத்தில் உருட்டி வளைவு பார்த்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. லாக் போடாமல் புது ஜாயிண்ட்டைக் கையாலேயே ஒருமுறை ஏற்றி இறக்கினார். சுத்தமான பல்லில் அது கையழுத்தத்துக்கே இறங்கியது. போன தடவை சுத்தியலால் எத்தனை அடி விழுந்தது என்று எண்ணியிருக்கிறேன், பதினொன்று.

மாட்டுகிற வேலை வேகமாக முடிந்தது. பல்லின் மேலே டேப் சுற்றி, பூட் கிழியாமல் அதன் வழியாக ஏற்றினார். கிட்டோடு வந்த கறுப்பு கிரீஸ், மாலிப்டினம் கலந்தது, பாக்கெட் முழுக்க ஜாயிண்ட்டுக்குள்ளும் பூட்டுக்குள்ளுமாகப் போனது. வீல் பேரிங் கிரீஸ் டப்பா பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொடவில்லை. புது லாக், மரக்கட்டை வைத்து இரண்டு தட்டு, டிக் என்று உட்கார்ந்தது, கையால் இழுத்துப் பார்த்தார். பூட் வாயில் சின்ன ஸ்குரூ டிரைவரைச் செருகி உள்ளே அடைபட்ட காற்றை விட்டுவிட்டுக் கிளாம்ப் கடித்தார். உள் ஜாயிண்ட்டின் மூன்று உருளையையும் கழற்றும்போதே சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டிருந்தார், கழுவினதில் அது அழிந்துபோய்ச் சென்டர் பஞ்சால் முன்பே குத்தியிருந்த புள்ளிதான் காப்பாற்றியது. சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ஹப் நட்டும் புதுசு, ஒருமுறை குத்தி மடக்கினதை மறுபடி போடமாட்டாராம். ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) உள்ள வண்டி என்றால் ஜாயிண்ட் வாங்கும்போதே சென்சார் வளையம் உண்டா, பல் எண்ணிக்கை பழசோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், என்னுடையதில் அது கிடையாது.

மொத்தச் செலவு: ஜாயிண்ட் கிட் 1,850, உள் பூட் கிட் 450, கியர் ஆயில் 650, நட்டும் லாக்கும் 120, கூலியும் கழுவலும் 1,400. ஆக 4,470. முன்னால் கொடுத்த 2,600ஐயும் சேர்த்தால் மனசு வலிக்கிறது, சேர்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

குறைகளும் சொல்லவேண்டும். ஒன்று, டார்க் ரென்ச், அதாவது இறுக்கத்தை அளந்து இறுக்குகிற ஸ்பேனர், கிடையாது. ஹப் நட்டுக்கு வண்டிக்கு வண்டி ஒரு இறுக்க அளவு உண்டு, பேரிங்கின் ஆயுளே அதில் இருக்கிறது, அவரோ நீளக் குழாய் போட்டுக் கையால் இறுக்கி "நாப்பது வருஷக் கை" என்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை, மறுநாள் வேறு இடத்தில் கொடுத்து அளவு பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்ப்பது நல்லது. இரண்டு, பில் கிடையாது, வாரண்டிக்குக் காகிதம் கிடையாது. மூன்று, கழுவின டீசலைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுகிறார்கள். ஊருணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர், இதை அவரிடமே சொன்னேன், ஒரு கேனில் பிடித்துவைத்துக் கழிவு ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுக்கலாமே என்று. "பாப்போம்" என்றார். நேரமும் ஆகும், காலை ஒன்பதுக்குப் போனவன் வெளியே வரும்போது மணி மூன்றரை, நடுவில் எதிர் டீக்கடையின் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்தான் துணை, அது நன்றாகவே இருந்தது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஒரு மழை தாண்டிவிட்டது, பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் எத்தனை தடவை போய்வந்தேன் என்று கணக்கில்லை. முழுக்க ஒடித்துத் திருப்பினாலும் சத்தம் இல்லை. மாதம் ஒருமுறை சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பூட்டின் சின்ன வாயைத் தடவிப் பார்க்கிறேன், விரல் காய்ந்தே வருகிறது. அஞ்சுக்கு நாலு.

வலது பக்க பூட்டில் போன வாரம் லேசான வெடிப்பு தெரிந்தது. போன் பண்ணினேன், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கொண்டா, ஜாயிண்ட் தப்பிச்சா கழுவுற காசும் கூலியும் பூட்டும்தான் என்றார். டீசலுக்குக் கேன் வாங்கியாச்சா என்று கேட்டேன். லைனைக் கட் பண்ணிவிட்டார்.